படி மாறவில்லை, கெழுதான் மாறியது

நம் டியூஷன் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு,

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் காலையில் வந்ததும் விரல் வைத்துப் பதிவு செய்கிற அந்த ஏசி அறை இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஓட்டை விழுந்த வள்ளம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைப் புரட்டித் தள்ளி இடத்தைச் சுத்தம் செய்தவன் நான். ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டவன் நான். மூடிப்போன ரைஸ் மில்லின் பலகைகளை வாங்கி வந்து பெஞ்சு அடித்தவன் நான். பொழுது சாய்ந்தால் பெண் பிள்ளைகளை வெளியே அனுப்ப மாட்டோம் என்று சொன்ன ஊரில், வாசல் வரைக்கும் வேன் வரும், வேனை நானே ஓட்டுவேன் என்று வீடு வீடாகச் சொல்லிப் பெண்களுக்குத் தனி வகுப்பு தொடங்கியவனும் நான்தான். புயல் ஒரு தடவை கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சவுக்குத் தோப்பில் போட்டது. எடுத்து வந்து மறுபடி போட்டேன். ஊரடங்குக் காலத்தில் வாத்தியார்கள் யாரையும் நிறுத்தவில்லை. இன்று கோட்டைப்பட்டினத்தில் மாடிக் கட்டடம், மீமிசலில் ஒரு கிளை, அறந்தாங்கியில் ஒரு கிளை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து போனவர்கள்.

இத்தனையும் செய்தவன் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வேன் டிரைவராக இருந்தவன். இந்தக் கட்டுரையையும் நானேதான் எழுதுகிறேன். ஆபீஸில் இருக்கிற பெண் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினாள்.

பொறுப்பை என் மக்களிடம் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கி விட்டேன். ஆனால் நீங்கள் எல்லாரும் நிறையப் படித்தவர்கள். படித்தவர்களுக்குப் பாடம் தெரியும், ஊர் தெரியாது. அதனால் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தத் தொழிலில் வழி காட்டியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பேரைச் சொல்லக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். தகரக் கொட்டகையில் முதல் வகுப்பு எடுத்தவர் அவர்தான். நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பேன். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “ஒனக்குப் பாடம் தெரியாது. மொதலாளி மாதிரி வாசல்ல நிக்காத. கடைசி பெஞ்சுல போயி உக்காரு. ஒனக்குப் புரிஞ்சா இந்த ஊருக்கே புரியும்” என்றார். மரியாதையாகச் சொல்லவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அன்று முதல் எந்த வகுப்பாக இருந்தாலும் கடைசி பெஞ்சில் நான் இருப்பேன். பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது.

அப்படித்தான் பல்லுறுப்புக் கோவை எனக்குத் தெரிந்தது. கணக்கு வாத்தியார் அந்தோணி போர்டில் அந்தத் தலைப்பை எழுதியதும் கை தூக்கினேன்.

“என்னண்ணே?” என்றார்.

“பல்லு சம்பந்தப்பட்டதெல்லாம் பயாலஜியில வரணும். கணக்குல எதுக்கு சார் வருது?” என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தோணி சிரிக்கவில்லை. “பல்லு இல்லண்ணே, பல. பல உறுப்பு சேந்த கோவை. கூட்டல் கழித்தல் குறிக்கு நடுவுல நிக்கிற ஒவ்வொண்ணும் ஒரு உறுப்பு” என்றார். அவரும் கடற்கரைக்காரர். அதனால் மீன் பெட்டியை வைத்தே சொல்லிக்கொடுத்தார். எக்ஸ் என்றால் நண்டு என்று வைத்துக்கொள். எக்ஸ் ஸ்கொயர் என்றால் இறால். முன்னால் நிற்கிற எண்தான் கெழு, அது எத்தனை பெட்டி என்று சொல்லும். தலைக்கு மேலே சின்னதாக நிற்கிற எண் படி, அது என்ன வகை என்று சொல்லும். மூன்று பெட்டி நண்டும் இரண்டு பெட்டி நண்டும் சேர்ந்தால் ஐந்து பெட்டி நண்டு. நண்டையும் இறாலையும் கூட்டி ஒரே பேர் வைக்க முடியாது. படி ஒரே எண்ணாக இருந்தால்தான் கூட்டலாம். எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. சில பையன்களுக்கு இன்னும் புரியவில்லை.

இப்போது சம்பவத்துக்கு வருகிறேன்.

பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்காரும் பன்னிரண்டாம் வகுப்பு பயாலஜிக்கு அந்த வருடம் சுகன்யா என்று ஒரு டீச்சர் வந்திருந்தார். புதுக்கோட்டை டவுனில் வளர்ந்த பெண். நன்றாகப் பாடம் எடுப்பார், குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கும். அவர் வகுப்பில் நஸ்ரின் என்று ஒரு மாணவி. முதல் வரிசையில் உட்காருகிறவள். அவளுடைய அண்ணன் அஜ்மல் தினமும் வகுப்பு முடிவதற்கு முன்பே வந்து கேட் பக்கத்தில் நிற்பான். தங்கையைக் கூட்டிக்கொண்டு போவது அவன் வேலை. காத்திருக்கிற நேரத்தில் வாசலில் கிடக்கிற செருப்புகளை ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்துவான். யார் செருப்பு எது என்று அவனுக்குத் தெரியும். என்னை அவன் ஒருநாளும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை. நான் வேன் ஓட்டிய காலத்தில் பார்த்தவன், அதனால் “ஏ டிரைவர்” என்றுதான் கூப்பிடுவான். இந்த ஊரில் வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டுவிட முடியாது.

அஜ்மலுக்கு டவுன் சிண்ட்ரோம். எங்களுக்கு அந்தப் பேர் தெரியாது. ‘அந்தப் புள்ளை அப்படித்தான்’ என்று சொல்வோம், அவ்வளவுதான்.

ஒருநாள் சுகன்யா டீச்சர் குரோமோசோம் பாடம் எடுத்தார். மனுசனுடைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருபத்து மூன்று ஜோடி இருக்கிறது. சில பேருக்கு இருபத்தோராவது ஜோடியில் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். நாற்பத்தாறுக்குப் பதில் நாற்பத்தேழு. அதுதான் டவுன் சிண்ட்ரோம் என்றார். போர்டில் பெரிதாக ‘மரபு நோய்கள்’ என்று தலைப்பு போட்டிருந்தார். பிறகு புத்தகத்தில் உள்ளபடி அடையாளங்களைச் சொல்லிக்கொண்டே போனார். முகம் தட்டையாக இருக்கும், கண் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், கழுத்து குட்டையாக இருக்கும்.

அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு தலையாக ஜன்னல் பக்கம் திரும்பியது. கடைசி பெஞ்சில் இருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும். வெளியே அஜ்மல் குனிந்து செருப்பு அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு, “என்னங்கடா பாக்குறீங்க? பெல்லு அடிச்சாச்சா?” என்று கத்தினான். பையன்கள் சிரித்தார்கள். நஸ்ரின் சிரிக்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. சுகன்யா டீச்சருக்கு எதற்குச் சிரிப்பு என்றே தெரியவில்லை. கேட்டில் நிற்பவன் நஸ்ரினின் அண்ணன் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாளில் இருந்து நஸ்ரின் வரவில்லை. அஜ்மலும் வரவில்லை. செருப்பெல்லாம் கலைந்து கிடந்தது.

அந்த வாரக் கடைசியில் நஸ்ரினின் தாயார் ஆயிஷா என் அறைக்கு வந்தார். அவருடைய வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். மூத்த மகள் ரஹ்மத்துக்குக் கட்டுமாவடியில் மாப்பிள்ளை பேசி, நிக்காஹ் தேதியும் குறித்திருந்தார்கள். எனக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது.

“உக்காருங்க தங்கச்சி” என்றேன்.

“உக்கார வரலண்ணே. மாப்ள வீட்டுல யோசிக்கணும்னு சொல்லிட்டாக.”

“என்னத்த யோசிக்கணுமாம்?”

“ஒங்க சென்டர்ல படிக்கிற பையன் ஒருத்தன் அவுகளுக்குச் சொந்தக்காரன். போயி சொல்லியிருக்கான். அஜ்மலுக்கு இருக்கிறது மரபு நோயாம், டீச்சரே போர்டுல எழுதிப் போட்டாங்களாம். இது பரம்பரை பரம்பரையா வருமாம், ரஹ்மத்து வயித்துல பொறக்கிற புள்ளைக்கும் வருமாம். இம்புட்டு நாளா அஜ்மலைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாக? வீட்டுக்கு வந்தப்ப அவன் கையாலதான் டீ வாங்கிக் குடிச்சாக. அப்ப இல்லாத நோயி இப்ப எங்கிட்டுருந்து வந்துச்சு?”

தொடர்ந்து சொன்னார்: “நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கண்ணே. டீச்சரு புதுசு, தப்பாச் சொல்லிப்புட்டாங்கன்னு சொல்லுங்க. போதும்.”

அவருடைய கைபேசியில் வீட்டுக்காரரின் குரல் செய்தி ஒன்றையும் போட்டுக் காட்டினார். சவுதியில் இருந்து அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. சாரம் இதுதான்: அந்த டீச்சரை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜமாத்தில் சொல்லிப் பிள்ளைகள் யாரையும் சென்டருக்கு வரவிடாமல் செய்துவிடுவேன்.

நீங்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்? டீச்சர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கல்யாணம் நடக்கும், சென்டரும் தப்பிக்கும். டீச்சர் ஊர்ப்பக்கம் பஸ் ஏறிவிடுவார். வேறு எவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். நான் செய்யவில்லை. இன்றைக்குத் தப்பாகச் சொன்னார் என்று நான் சொன்னால், நாளைக்கு இதே வாத்தியார்கள் சொல்கிற எதைத்தான் ஊர் நம்பும்? நான் நடத்துவது பரோட்டா கடை இல்லை. இங்கே வியாபாரமே வாத்தியார் வாயில் இருந்து வருகிற வார்த்தைதான்.

“ஒரு நாள் பொறுங்க தங்கச்சி” என்று சொல்லி அனுப்பிவிட்டு, சுகன்யா டீச்சரையும் அந்தோணியையும் கூப்பிட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “நான் தப்பாச் சொல்லல சார். அது ஜெனட்டிக் கண்டிஷன்தான்” என்றார்.

“மரபுன்னா என்னம்மா?”

“ஜெனட்டிக் சார்.”

“ஒனக்கு ஜெனட்டிக். இந்த ஊருல மரபுன்னா அப்பன் பாட்டன் காலத்துலருந்து வழிவழியா வாரது. கோயில்ல யாருக்கு முதல் மரியாதைங்கிறது மரபு. நீ போர்டுல மரபு நோய்னு எழுதுனா, அந்த வீட்டு ரத்தத்துலயே இருக்குன்னுதான் ஊரு படிக்கும்.”

“புரியுது சார்” என்றார் டீச்சர். “ஜெனட்டிக் வேற, வழிவழியா வாரது வேற. தாயோட கருமுட்டை உண்டாகும்போது ஒவ்வொரு ஜோடியும் பிரிஞ்சு ஒண்ணு ஒண்ணாப் போகணும். சில சமயம் அந்த ஒரு ஜோடி மட்டும் பிரியாம ரெண்டுமே சேந்து போயிரும். தகப்பன்கிட்டயிருந்து ஒண்ணு வந்ததும் மூணாயிரும். அது யாருக்கு வேணும்னாலும் நடக்கலாம். யாரு செஞ்ச தப்பும் இல்ல.”

“அப்பச் சரி. பரம்பரையா வராதுன்னு நாளைக்கு வந்து மாப்ள வீட்டுல ஒரே வார்த்தையில சொல்லிரு.”

“பெரும்பாலும் வராது சார். ஆனா…”

“அந்த ஆனாவை வெட்டிரு.”

“வெட்ட மாட்டேன் சார். அபூர்வமா ஒரு வகை இருக்கு. அந்த எக்ஸ்ட்ரா குரோமோசோம் இன்னொண்ணோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அது குடும்பத்துல வரலாம். அஜ்மலுக்கு எந்த வகைன்னு தெரியாம நான் வாய தொறக்க மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண்ணுக்காக நான் ஊரைப் பகைத்துக்கொண்டு நிற்கிறேன், இவர் ஒரு வார்த்தையை விடமாட்டேன் என்கிறார். அந்தோணியைப் பார்த்தேன். அவர், “டீச்சர் சொல்றதுதாண்ணே சரி. விடை தெரியாம ஸ்டெப்பு போடக் கூடாது” என்றார்.

கோபத்தை அடக்கிக்கொண்டு ஆயிஷாவுக்கு போன் போட்டேன். அஜ்மல் குழந்தையாக இருந்தபோது இதயத்தில் ஓட்டை என்று திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. அப்போது ரத்தம் எடுத்து என்னென்னவோ பார்த்தார்கள் என்றார். அந்த டாக்டர் இன்னும் அங்கே இருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலையில் வேனை நானே எடுத்தேன். ஆயிஷா, அஜ்மல், சுகன்யா டீச்சர், நான்.

போகிற வழியெல்லாம் அஜ்மல் கண்டக்டர் வேலை பார்த்தான். ஜன்னலில் தலையை நீட்டி அறந்தாங்கி, புதுக்கோட்டை, கீரனூர் என்று கத்திக்கொண்டே வந்தான். நார்த்தாமலைப் பக்கம் வரும்போது டீச்சரைப் பார்த்து, “நீ டிக்கெட்டு எடுத்தியா?” என்று கேட்டான்.

“இல்லையே” என்றார் டீச்சர்.

“அப்ப எறங்கு.”

“எறங்கிட்டா டாக்டர்கிட்ட யாரு பேசுறது?”

அவன் யோசித்தான். “சரி, வா. திரும்பி வாரப்ப எடு” என்றான். ஆயிஷா அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

டாக்டருக்கு அவனை ஞாபகம் இருந்தது. பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். ஒட்டிக்கொள்கிற வகை இல்லை. சாதாரணமாகப் பிரியாமல் போன வகைதான். அக்காவுக்குப் பிறக்கிற பிள்ளைக்கு, மற்ற எந்தப் பெண்ணுக்கும் உள்ள வாய்ப்புதான் உண்டு. தாய்க்கு வயது கூடக்கூட அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடும், எல்லாருக்கும் அப்படித்தான். ஆயிஷா அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். டாக்டரும் முகம் சுளிக்காமல் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் மாலை ஆயிஷா, டீச்சர், நான் மூன்று பேரும் கட்டுமாவடிக்குப் போனோம். இந்தத் தடவை அந்தோணியையும் கூட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளையின் தாயார், தாய்மாமன் காதர் பாய், மாப்பிள்ளை ஹனீபா மூன்று பேரும் இருந்தார்கள். காதர் பாய் மீன் மொத்த வியாபாரி. ஏலத்தில் எடுத்துப் பெட்டி கட்டிக் கேரளாவுக்கு லாரியில் ஏற்றுகிறவர். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு.

எடுத்த எடுப்பில் அவர், “அது டவுன் நோயாமே? டவுன்ல இருக்கிறவகளுக்குத்தான் அது வரணும். கோட்டைப்பட்டினத்துக்கு எப்படி வந்துச்சு?” என்றார்.

“அந்த டவுன் இல்லங்க. அதைப் பத்தி எழுதின டாக்டரோட பேரு டவுன்” என்றார் சுகன்யா டீச்சர்.

“பேரு எதுவா இருந்தா என்ன? விஷயத்துக்கு வாங்க.”

நான் முன்னால் வந்தேன். இந்த மாதிரி இடத்தில் பேசுவதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட இரண்டு பாடங்களும் என் தலைக்குள் அப்போது ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டு மூன்றாகிறது என்று பயாலஜியில் கேட்டிருந்தேன். கணக்கிலும் ஸ்கொயர், க்யூப் என்று இரண்டும் மூன்றும் வந்தது.

“பாய், நாமெல்லாம் எக்ஸ் ஸ்கொயர்னு வச்சுக்குங்க. அஜ்மல் எக்ஸ் க்யூப். அம்புட்டுதான் வித்தியாசம்” என்றேன்.

காதர் பாய் ப்ளஸ் டூ வரை படித்தவர். “அப்ப அவன் வேற வகைன்னு நீங்களே சொல்றீங்க. அதைத்தானே நாங்களும் பயப்படுறோம்?” என்றார்.

ஆயிஷா தலையைக் குனிந்துகொண்டார். அந்தோணி பக்கத்தில் இருந்து மெதுவாக, “அண்ணே, படி இல்ல. கெழு. படி மாறினா வேற வகையே ஆயிரும். இங்க முன்னால நிக்கிற நம்பருதான் மாறியிருக்கு” என்றார்.

கெழு என்றதும் எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. பெட்டி ஞாபகம் வந்ததும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதும் ஞாபகம் வந்தது.

“பாய், நான் சொன்னதை விடுங்க. இப்பக் கேளுங்க. ஒங்க லாரியில ஏத்துறதுக்கு இருபத்து மூணு வகை மீனு இருக்கு. வகைக்கு ரெண்டு பெட்டி ஏத்தச் சொல்றீங்க. எல்லாம் சரியா ஏறிருச்சு. ஒரே ஒரு வகையில மட்டும் ரெண்டுக்குப் பதிலா மூணு பெட்டி ஏறிப்போச்சு. லாரியில புது வகை மீனு ஏதாச்சும் ஏறியிருக்கா?”

“எப்படி ஏறும்? அதே மீனுதான். ஏத்துறவன் கணக்கு விட்டுட்டான்” என்றார் காதர் பாய்.

“அதேதான். அஜ்மலுக்கு எல்லாம் நமக்கு இருக்கிற அதே சரக்குதான். ஒரு வகையில ஒரு பெட்டி கூட. ஒரு பெட்டி கூட ஏறினா வண்டி மெதுவாப் போகும், மேட்டுல தெணறும். அது வாஸ்தவம். ஆனா வண்டி வண்டிதான். இப்ப அடுத்த கேள்வி. அந்த லாரியில கணக்கு விட்டதுக்காக, அதே ஷெட்டுலருந்து கிளம்புற இன்னொரு லாரியிலயும் கூட ஏறணும்னு இருக்கா?”

“இல்லையே. அது வேற லோடு. வேற ஆளு எண்ணுவான்.”

“ரஹ்மத்து வேற லோடு” என்றேன்.

காதர் பாய் தாடியைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சுகன்யா டீச்சர் வாயைத் திறந்தார்.

“ஒண்ணு சொல்லணுங்க. ஏத்துறவன் தப்பா எண்ணுறது ஒரு வகை. அபூர்வமா, பெட்டியே இன்னொரு பெட்டியோட ஒட்டிக்கிட்டு வாரது இன்னொரு வகை. அது குடும்பத்துல வரலாம். அஜ்மலுக்கு அது இல்லைன்னு டாக்டர்கிட்ட நேத்து கேட்டுட்டோம். இப்படி ஒரு வகை இருக்குன்னு நாளைக்கு வேற யாராச்சும் சொல்லி நீங்க பயந்துரக் கூடாது. அதனால நானே சொல்லிடுறேன்.”

எனக்கு அவரைக் கிள்ள வேண்டும் போல இருந்தது. ஜெயித்த இடத்தில் எதற்கு இது? மாப்பிள்ளையின் தாயார் உடனே, “அப்ப எம் பேரப்புள்ளைக்கு வராதுன்னு எழுதிக் குடுப்பியாம்மா?” என்று கேட்டார்.

“எந்தப் புள்ளைக்கும் யாரும் எழுதிக் குடுக்க முடியாதுங்க. ஒங்க வீட்டுப் பொண்ணுகளுக்கு எவ்வளவு வாய்ப்போ, ரஹ்மத்துக்கும் அவ்வளவுதான்” என்றார் டீச்சர்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். ஆனால் காதர் பாய், “இந்தப் புள்ளை ஒளிக்காமப் பேசுது. ஒளிக்கிறவகளா இருந்தா அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டாக. நான் நம்புறேன்” என்றார். தன் தங்கையான மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்து, “நிக்காஹை நடத்திருவோம்” என்றார்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வெட்டச் சொன்ன அந்த ‘ஆனா’தான் அன்றைக்குக் காரியத்தை முடித்தது. பாடத்தில் சங்கடமான வரி இருந்தால் அதை விழுங்காதீர்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. எழுந்திருக்கும்போது காதர் பாய் ஆயிஷாவிடம், “ஒண்ணே ஒண்ணு மட்டும். அன்னைக்குச் சபையில நாலு ஊரு ஆளு வரும். அந்தப் பையனை மட்டும் கொஞ்சம் உள்ளாற வச்சுக்குங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்த ஆயிஷா எழுந்து நின்றார். “அப்ப வேணாண்ணே” என்றார்.

“என்ன வேணாம்?”

“சம்மந்தம் வேணாம். ரஹ்மத்து காலையிலயே சொல்லி அனுப்பிச்சுருச்சு. தம்பிய ஒளிச்சு வைக்கச் சொன்னா எந்திரிச்சு வந்துருங்கம்மான்னு. நான் வாரேன்.”

அவர் செருப்பைப் போட வாசலுக்கே போய்விட்டார். காதர் பாயிடம் பேச எனக்கு எந்த உதாரணமும் கைவசம் இல்லை. அந்தோணியும் டீச்சரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாப்பிள்ளை ஹனீபாவைப் பார்த்தேன். வந்ததில் இருந்து அவன் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“தம்பி, பேசுறவக எல்லாரும் பேசியாச்சு. கட்டிக்கப் போறது நீங்க. நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டேன். இதைக் கேட்க வேண்டும் என்று அங்கே இருந்த வேறு யாருக்கும் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் மாமனைப் பார்க்காமல் சொன்னான்: “வாசல்ல மச்சான்தானே மாலை போட்டு உள்ள கூப்பிடணும்? அவனை உள்ள வச்சுட்டா, எனக்கு யாரு மாமா மாலை போடுறது? நீங்களா?”

அவன் தாயார் முதலில் சிரித்துவிட்டார். காதர் பாய், “இவன் ஒருத்தன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய் ஆயிஷாவை உள்ளே வரச் சொன்னவரும் அவர்தான்.

நிக்காஹ் குறித்த தேதியில் நடந்தது. அஜ்மல் மாலை போட்டான். போட்டதோடு நிற்காமல் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சபையில் இருந்த ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போய், “என் மச்சான், என் மச்சான்” என்று அறிமுகம் செய்துவைத்தான். காதர் பாயிடமும் கூட்டிப்போனான். அவர் எழுந்து கைகொடுத்தார்.

நஸ்ரின் வகுப்புக்குத் திரும்பி வந்தாள். சுகன்யா டீச்சர் அந்தப் பாடத்தை மறுபடி முதலில் இருந்து எடுத்தார். போர்டில் ‘மரபு நோய்’ என்று எழுதவில்லை. ‘குரோமோசோம் எண்ணிக்கையில் மாற்றம்’ என்று எழுதினார். அடையாளங்களைச் சொல்வதற்கு முன்னால், இப்படிப்பட்டவர்கள் நம் வீட்டில் இருப்பார்கள், நம் தெருவில் இருப்பார்கள், அவர்களுக்குப் பேர் உண்டு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார். பிறகு இருபத்து மூன்று வகை மீன், வகைக்கு இரண்டு பெட்டி என்று ஆரம்பித்தார். வகுப்பில் ஒருவன் கூடத் தூங்கவில்லை. நஸ்ரின் கை தூக்கி, “டீச்சர், எடை கூடினா மேட்டுல தெணறும்னு சொன்னீங்க. அதுக்குத்தான் வண்டியைத் தள்ளிவிட ஆளு வேணும்” என்றாள். அந்த வரியை அவள்தான் சேர்த்தாள். அவள் இப்போது திருச்சியில் நர்சிங் படிக்கிறாள்.

அந்தப் பாடம் இன்று நம் மூன்று கிளைகளிலும் அப்படித்தான் நடக்கிறது. சுகன்யா டீச்சர் வீடியோவாகவும் போட்டார், வெளியூர்ப் பள்ளி ஆசிரியர்கள்கூட அதை எடுத்துப் பாடம் நடத்துகிறார்களாம். சந்தோஷம். ஆனால் போன ஆண்டு விழா மலரில் அதைப் பற்றி எழுதியவர்கள், ‘எங்கள் ஆசிரியர் குழு உருவாக்கிய எளிய எடுத்துக்காட்டு’ என்று போட்டிருந்தார்கள். குழு என்றால் யார்? நான் அந்தக் குழுவில் இருக்கிறேனா? என் படம் முன்பக்கத்தில் ‘நிறுவனர்’ என்று மாலையோடு இருக்கிறது. மாலை போட்ட படம் எனக்கு எதற்கு? நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

நான் நியாயமாகச் சொல்கிறேன். நண்டையும் இறாலையும் கணக்குக்குள் கொண்டுவந்தது அந்தோணி சார். படி இல்லை, கெழு என்று என்னைத் திருத்தியதும் அவர்தான். இரண்டுக்குப் பதில் மூன்று என்று சொல்லிக்கொடுத்தது சுகன்யா டீச்சர். அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கணக்கையும் இந்த பயாலஜியையும் ஒரே லாரியில் ஏற்றி, கட்டுமாவடியில் கொண்டுபோய் இறக்கியது நான். ஏழாம் வகுப்பு பாதி படித்தவன். அடுத்த தடவை வகுப்பில் அந்த உதாரணத்தைச் சொல்லும்போது மூன்று பேர் பேரையும் சொல்லுங்கள். என் பேரை முதலில் சொல்லுங்கள்.